உடையவன் இல்லாத ஏரி

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரத்துக்குப் போயிருந்தோம். சிற்பங்களைப் பார்க்கப் போனோம் என்று சொன்னால் அது முழு உண்மையாகாது. கடற்காற்று வாங்கப் போனோம். சிற்பங்கள் வழியில் இருந்தன. கடற்கரைக் கோயிலுக்குச் செல்லும் பாதையில் ஓர் அம்மாள் இளநீர் விற்றுக்கொண்டிருந்தார். குடும்பத்தோடு ஆளுக்கொன்று வெட்டச் சொல்லிக் குடித்து முடித்தோம். காசு கொடுக்கச் சட்டைப் பையில் கையை விட்டால் அங்கே செல்பேசி ஒன்றுதான் இருந்தது. அதனால் என்ன? வண்டியின் மேல் ஒட்டியிருந்த கறுப்பு வெள்ளைக் கட்டத்துக்கு நேரே அதைப் பிடித்தோம். திரையில் சிறு சக்கரம் ஒன்று சுழல ஆரம்பித்தது. சுழன்றது, மேலும் சுழன்றது, சுழன்றுகொண்டே இருந்தது.

"காலையிலேருந்து இப்படித்தாங்க ஐயா சுத்துது. நெட்டு இல்லே" என்றார் அந்த அம்மாள்.

நம் சகதர்மிணி தன் கைப்பையைத் துழாவினாள். பத்து ரூபாய் நோட்டு ஒன்றும், திருக்கழுக்குன்றத்து விபூதிப் பொட்டலமும் அகப்பட்டன. நாம் விழிப்பதைக் கண்டு அம்மாளுக்கே இரக்கம் வந்துவிட்டது.

"காசு எங்கே ஓடிடப் போவுது? சுத்தி முடிச்சிட்டு வரும்போது குடுங்க, போங்க" என்றார்.

முன்பின் தெரியாத நம்மை அவர் நம்பினார். அந்த நம்பிக்கையைச் சுமந்துகொண்டு குன்றின் மேல் ஏறிக் கலங்கரை விளக்கத்தின் அடியில் உட்கார்ந்தோம். பக்கத்தில் பல்லவர் காலத்து ஒலக்கணேசுவரர் கோயில். இந்தக் கலங்கரை விளக்கம் எழும்புவதற்கு முன்னால் அந்தக் கோயிலின் உச்சியில்தான் கப்பல்களுக்காக விளக்கு வைத்தார்கள். கடலின் மேல் ஒளியை அனுப்புவது இந்தக் கரைக்குப் பழகிய தொழில். இன்று அதே ஒளி கடலின் அடியிலும் போய் வருகிறது என்பதை நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்க்கிறோம்?

இணையம் என்றதும் பலர் ஆகாயத்தைக் காட்டுகிறார்கள். பேரும் அதற்கேற்றாற்போல் 'மேகம்' என்று வைத்துவிட்டார்கள். உண்மை நேர்மாறானது. நாட்டுக்கு நாடு போகும் இணையச் சமாசாரத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் கடலடியில் கிடக்கும் கேபிள்களின் வழியேதான் போகிறது. ஆழ்கடலில் அந்தக் கேபிளின் பருமன் தோட்டத்துக்கு நீர் பாய்ச்சும் ரப்பர் குழாய் அளவுதான். உள்ளே தலைமயிர் போன்ற கண்ணாடி இழைகள். அவற்றினூடே வெளிச்சம் நொடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. வெளிச்சம் மங்கிப்போகாமல் இருக்க, வழிநெடுகச் சில பத்துக் கிலோமீட்டருக்கு ஒன்றாக அதற்கு வலுவூட்டும் கருவிகள் இருக்கின்றன. சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குக் கடல்வழி சுமார் 3,200 கிலோமீட்டர். அந்தத் தூரத்தைக் கடக்க வெளிச்சத்துக்கு ஒரு நொடியில் அறுபதில் ஒரு பங்கே போதும். நாம் இமை கொட்டுவதற்குள் அது பல தடவை போய்த் திரும்பிவிடும்.

அத்தகைய கேபிள் ஒன்று 2002இல் சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கு வந்தது; 2004இல் மற்றொன்று. அடுத்த ஆண்டு, தென்கிழக்கு ஆசியாவையும் மேற்கு ஐரோப்பாவையும் இணைக்கும் நீண்ட கேபிள் ஒன்றும் இக்கரையைத் தொட்டது. 2020 ஆகஸ்டு 10ஆம் தேதி சென்னைக்கும் அந்தமான் நிகோபார் தீவுகளுக்கும் இடையே சுமார் 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள கேபிள் தொடங்கி வைக்கப்பட்டது. அதுவரை துணைக்கோளையே நம்பியிருந்த தீவு மக்கள் அதன் அருமையை நம்மைவிட நன்றாக அறிவார்கள். கரையேறும் செய்திகளைத் தேக்கி வைத்து வழங்கும் தரவு மையங்கள் நமது செங்கல்பட்டு மாவட்டத்துச் சிறுசேரியிலேயே எழும்பியிருக்கின்றன. 'மேகம்' என்று சொல்லப்படுவது, பழைய மாமல்லபுரம் சாலையில் பஸ்ஸில் போகிறவர்கள் எட்டிப் பார்க்கக்கூடிய கட்டடங்களில்தான் குடியிருக்கிறது!

சென்னைக் கரைக்கு இது முதல் அநுபவமும் அல்ல. 1871லேயே சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்குக் கடலடித் தந்திக் கம்பி ஓடியது. அதை இட்டது லண்டனிலிருந்த ஒரு கம்பெனி. அந்தத் தந்தி யாருடையது என்று கேட்டால் கம்பெனியுடையது என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிடலாம். அன்றிருந்தது கம்பெனியும் சாம்ராஜ்யமும் ஒன்றுக்கொன்று கைகொடுத்த காலம். செய்தியின் வாசல் யார் கையில் இருந்ததோ, நாட்டின் கடிவாளமும் அவர்கள் கையில் இருந்தது. ஆனால் இணையம் யாருடையது? இந்தக் கேள்விக்கு ஒரு வார்த்தையில் பதில் கிடையாது. நாம் இன்று பேச வந்த விஷயமே இதுதான்.

பழைய செங்கல்பட்டு ஜில்லாவை ஏரிகளின் ஜில்லா என்று சொல்வதுண்டு. ரயிலில் வருகிறவர்கள் ஸ்டேஷனை நெருங்கும்போதே கொளவாய் ஏரியைப் பார்த்திருப்பார்கள். தெற்கே போனால் மதுராந்தகம் ஏரி. இவை தனித்தனி ஏரிகள் அல்ல. ஓர் ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்தால் அந்த நீர் கால்வாய் வழியே அடுத்த ஏரிக்குப் போகும். அது நிரம்பினால் அதற்கடுத்ததற்கு. ஏரி அந்தந்த ஊருக்குச் சொந்தம். ஆனால் கலங்கலின் உயரம் என்ன, மதகு எப்போது திறக்க வேண்டும், கால்வாயை யார் தூர் வாருவது என்ற வழக்கம் இருக்கிறதே, அது எந்த ஓர் ஊருக்கும் சொந்தமல்ல. எல்லா ஊருக்கும் பொது. அந்த வழக்கம் கெட்டால் ஒரு பக்கம் வெள்ளம், மறுபக்கம் வறட்சி.

இணையமும் இப்படிப்பட்ட ஏரித் தொடர்தான். கேபிளுக்கு ஒரு சொந்தக்காரர், கோபுரத்துக்கு ஒருவர், சிறுசேரிக் கட்டடத்துக்கு ஒருவர். இப்படி ஆயிரக்கணக்கான தனித்தனி வலைகள் ஒன்றோடொன்று பேசுவதற்கு ஒப்புக்கொண்ட வழக்கத்துக்குத்தான் இணையம் என்று பெயர்.

அந்த வழக்கம் என்ன? ஒரு நீண்ட கடிதத்தை நூறு கார்டுகளில் எழுதி, ஒவ்வொன்றிலும் விலாசமும் வரிசை எண்ணும் போட்டுத் தபாலில் சேர்ப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். சில கார்டுகள் விழுப்புரம் வழியாகப் போகலாம்; சில காட்பாடி வழியாகப் போகலாம். முன்னே பின்னே வந்தாலும் பெறுகிறவர் எண் பார்த்து அடுக்கிக்கொள்வார். ஏதாவது ஒன்று வராவிட்டால் அதை மட்டும் மறுபடி அனுப்பச் சொல்வார். ஒரு பாதை அடைபட்டாலும் கடிதம் போய்ச் சேரும். 1960களில் அமெரிக்காவில் பால் பாரனும் இங்கிலாந்தில் டொனால்ட் டேவிஸும் தனித்தனியே எண்ணிக் கண்ட யுக்தி இது.

1969 அக்டோபர் 29ஆம் தேதி கலிபோர்னியாவில் ஒரு சர்வகலாசாலையிலிருந்து மற்றோர் ஆராய்ச்சி நிலையத்துக்கு முதல் செய்தி அனுப்பினார்கள். 'லாகின்' என்ற வார்த்தையை அனுப்ப முயன்றார்கள். முதல் இரண்டு எழுத்துக்கள் போய்ச் சேர்ந்ததும் யந்திரம் படுத்துவிட்டது. மாமல்லபுரத்தில் நாம் கண்ட சக்கரத்துக்கு இவ்வளவு பழமையான வம்சாவளி இருக்கிறது! 1974இல் வின்டன் செர்ஃபும் ராபர்ட் கானும் வெவ்வேறு வலைகள் பேசிக்கொள்ள ஒரு பொது மொழியை வகுத்து வெளியிட்டார்கள். 1983 ஜனவரி முதல் தேதி அந்த வலை முழுவதும் அம்மொழிக்கு மாறியது. 1989இல் டிம் பெர்னர்ஸ் லீ வையவிரிவு வலையை யோசித்தார்; 1993இல் அவர் வேலை பார்த்த ஐரோப்பிய ஆராய்ச்சி நிலையம் அதை யாரும் கட்டணமின்றி உபயோகிக்கலாம் என்று அறிவித்தது. அன்று யாராவது அதற்குச் சுங்கச்சாவடி வைத்திருந்தால் இன்று இளநீர் வண்டி வரைக்கும் அது வந்திருக்குமா?

நம் தேசத்தில் 1986இல் 'எர்னெட்' என்ற கல்வி வலை தொடங்கியது. அதில் பங்கு கொண்ட ஸ்தாபனங்களில் சென்னை ஐ.ஐ.டி.யும் ஒன்று. பொது ஜனங்களுக்கு இணையம் திறக்கப்பட்டது 1995 ஆகஸ்டு 15ஆம் தேதி. சுதந்திர தினத்தன்று சென்னை உள்ளிட்ட நான்கு மாநகரங்களில் வாசல் திறந்தது. வேகம் நொடிக்கு 9.6 கிலோபிட், கட்டணமோ நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டாத உயரம். ஆனாலும் தமிழர்கள் பின்தங்கி நிற்கவில்லை. 1997இல் சிங்கப்பூரில் தமிழ் இணைய மகாநாடு கூடியது. 1998 பொங்கலன்று சுவிட்சர்லாந்தில் வசித்த முனைவர் கு. கல்யாணசுந்தரம் முன்னின்று 'மதுரைத் திட்டம்' தொடங்கினார். உலகெங்கும் உள்ள தமிழர்கள் கூலி வாங்காமல் எழுத்தெழுத்தாகத் தட்டி நம் இலக்கியங்களை இணையத்தில் ஏற்றினார்கள். தூர் வாரக் கூடிய ஊர்ஜனங்களைப் போலவே அவர்கள் கூடினார்கள்.

இப்போது நிர்வாகத்துக்கு வருவோம். பழைய செங்கல்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுக்கள் பிரசித்தம். கி.பி. 919லும் 921லும் வெட்டப்பட்டவை. ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, குடவோலை போட்டு வாரியங்களுக்கு ஆள் தேர்ந்தெடுத்தார்கள். அவற்றுள் ஒன்று ஏரி வாரியம். அதற்கு ஆறு பேர். கணக்குக் காட்டாதவரும், அவருடைய நெருங்கிய உறவினரும் மறுபடி வாரியத்துக்குள் நுழைய முடியாது. கேட்பதற்கே எவ்வளவு நன்றாயிருக்கிறது! ஆனால் நிலமும் படிப்பும் உள்ள ஆடவர்களுக்குத்தான் அந்த ஓலை. ஏரியில் மண் சுமந்தவர்களுக்கு அதில் இடமில்லை. இதையும் மறைக்காமல் சொல்வதே நியாயம்.

இணையத்துக்கும் இதைப்போல் வாரியங்கள் உண்டு. செய்தி போகும் விதிகளை வகுப்பது 1986இல் தொடங்கிய பொறியாளர் கூட்டம் ஒன்று. அதில் யாரும் சேரலாம், ஓட்டெடுப்பு இல்லை, பெரும்பாலோர் ஒத்துக்கொண்டு, யந்திரத்திலும் ஓடிக் காட்டினால் அது விதி. பெயர்களையும் எண்களையும் வெகுகாலம் பார்த்துக்கொண்டவர் ஜான் போஸ்டல் என்ற கணிப்பொறி அறிஞர். 1998இல் அந்த வேலைக்காக 'ஐகேன்' என்ற லாப நோக்கமற்ற ஸ்தாபனம் அமெரிக்காவில் அமைந்தது. அதற்கு மேலே அமெரிக்க சர்க்காரின் ஒப்பந்தப் பிடி இருந்தது. உலக நாடுகளின் நீண்ட விவாதத்துக்குப் பிறகு 2016 அக்டோபர் முதல் தேதி அது விலகியது. நம் நாட்டில் 2003இல் 'நிக்சி' என்ற பரிமாற்ற நிலைய அமைப்பு தோன்றியது. சென்னையில் ஒருவர் செங்கல்பட்டிலுள்ளவருக்கு அனுப்பும் செய்தி அயல்நாட்டைச் சுற்றி வராமல் இங்கேயே கைமாறுவதற்கு அது ஏற்பாடு. இணையப் பெயர்களுக்கெல்லாம் மூலமான மூலச் சர்வர்களில் ஒன்றின் பிரதி 2005இல் சென்னையிலும் வைக்கப்பட்டது. '.இந்தியா' என்று தமிழ் எழுத்திலேயே விலாசம் பெறவும் 2011இல் வழி பிறந்தது.

இந்த வாரியங்களின் கதவு எல்லோருக்கும் திறந்துதான் இருக்கிறது. ஆனால் கூட்டம் நடப்பது பெரும்பாலும் தூர தேசங்களில். பேச்சு பெரும்பாலும் இங்கிலீஷில். ஹைதராபாத்தில் 2008இல் இணைய ஆட்சி பற்றிய ஐக்கிய நாடுகள் மன்றமும், 2016இல் ஐகேனும் கூடியது உண்டு. ஆனால் விமானச் செலவும் இங்கிலீஷும் இன்றைய குடவோலைத் தகுதியாகிவிட்டால், உத்திரமேரூர்க் குறை நம் காலத்திலும் தீரவில்லை என்றே சொல்ல வேண்டும்.

எதிர்காலக் கஷ்டங்கள் என்னென்ன? முதலாவது, மதகு ஒன்றிரண்டே இருப்பது. 2022ஆம் ஆண்டின் இறுதிக் கணக்குப்படி இந்தியாவுக்கு வந்த பன்னாட்டுக் கேபிள்கள் 17. அவை கரையேறியது மும்பை, சென்னை, கொச்சி, தூத்துக்குடி, திருவனந்தபுரம் என்ற ஐந்தே ஊர்களில். அவற்றிலும் பெரும்பகுதி முதல் இரண்டில். உலகில் ஆண்டுதோறும் கடலடிக் கேபிள்களுக்கு 150 முதல் 200 வரை பழுதுகள் நேர்கின்றன. பெரும்பாலானவற்றுக்குக் காரணம் மீன்பிடி வலைகளும் நங்கூரங்களும். 2008 ஜனவரியில் எகிப்துக் கடலில் கேபிள்கள் அறுந்தபோது நம் நாட்டின் வெளித்தொடர்பு வெகுவாகத் தடைப்பட்டது. 2025 செப்டம்பரில் செங்கடலில் அறுந்த கேபிள்களுள் ஒன்று சென்னைக்கும் வருகிற அந்த ஐரோப்பியக் கேபிள்தான். பாதைகள் பலவாக இருந்ததால்தான் இணையம் மெதுவாயிற்றே தவிர நின்றுவிடவில்லை. நூறு கார்டு உபாயம் பலிக்க வேண்டுமானால் நூறு பாதை வேண்டாமா? பழுது பார்க்கவும் அயல்நாட்டுக் கப்பல்களுக்குக் காத்திருக்க வேண்டியிருக்கிறது. இதற்கு மாற்று வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2023லேயே சிபாரிசு செய்திருக்கிறது.

இரண்டாவது, விலாசப் பஞ்சம். பழைய முறையில் கிடைக்கக்கூடிய எண்கள் சுமார் 429 கோடி. மொத்தக் கையிருப்பு 2011 பிப்ரவரியில் தீர்ந்தது. புதிய முறையில் எண்ணி மாளாத அளவுக்கு விலாசங்கள் உண்டு. அதற்கு மாறுவதில் உலகின் முன்வரிசையில் இந்தியா நிற்கிறது என்பது மகிழ்ச்சிக்குரியது.

மூன்றாவது மிகவும் முக்கியமானது. மதகை அடைக்கும் கை பற்றியது. 2018 மே மாதம் தூத்துக்குடித் துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களில் இணையம் நிறுத்தப்பட்டது. வதந்தி பரவும் என்பது சர்க்கார் சொன்ன காரணம். ஆனால் வதந்தியை மறுக்கும் உண்மையும் அதே மதகு வழியாகத்தானே வர வேண்டும்? 2020 ஜனவரி 10ஆம் தேதி உச்சநீதிமன்றம் காஷ்மீர் வழக்கில் தீர்ப்பளித்தது: இணையத்தின் மூலம் பேசுவதும் தொழில் செய்வதும் அரசியல் சட்டத்தின் பாதுகாப்புப் பெற்றவை, காலவரையின்றி நிறுத்தக் கூடாது, நிறுத்தும் உத்தரவுகளை வெளியிட வேண்டும். அந்நியனை வெளியேற்றிப் பெற்ற சுதந்திரம், நம்மவர் கையிலும் கணக்குக் கேட்கிற சுதந்திரமாக இருக்க வேண்டும்.

மதகை அடைப்பவர் சர்க்கார் மட்டுமல்ல. பெரிய கம்பெனிகளும் அடைக்கலாம். தங்களுக்கு வேண்டிய சில தளங்களை மட்டும் இலவசமாகக் காட்டுகிறோம் என்று அவர்கள் வந்தார்கள். பார்வைக்குத் தர்மமாகத் தோன்றும். உள்ளே போய்ப் பார்த்தால் ஒரு வயலுக்கு மட்டும் தண்ணீர் விடும் ஏற்பாடு. 2015இல் டிராய் அபிப்பிராயம் கேட்டபோது பத்து லட்சத்துக்கு மேற்பட்ட மின்னஞ்சல்கள் குவிந்தன. 2016 பிப்ரவரி 8ஆம் தேதி, உள்ளடக்கத்துக்கேற்பக் கட்டணத்தில் பேதம் காட்டலாகாது என்று ஆணையம் உத்தரவிட்டது. மடல் எழுதியவர்களில் பெரும்பாலோர் நம்மைப் போன்ற சாதாரணக் குடும்பத்தார்.

அதற்குத்தான் நம் முன்னோர் குடிமராமத்து என்று பெயர் வைத்தார்கள். ஏரியில் நீர் பாயும் ஒவ்வொரு வீடும் ஆண்டுக்கு ஒருமுறை மண்வெட்டியோடு வர வேண்டும். வராத வீட்டுக்கு நீர்மேல் உரிமை பேச வாய் எழும்பாது. இணையத்திலும் நமக்கு அப்படிக் கடமைகள் உண்டு. ஆணையங்கள் கருத்துக் கேட்டால் தமிழிலேயானாலும் இரண்டு வரி எழுதி அனுப்ப வேண்டும். இணையம் நிறுத்தப்பட்டால் உத்தரவு எங்கே என்று கேட்க வேண்டும். தெரியாத செய்தியைப் பத்துப் பேருக்குத் தள்ளிவிடுவது கால்வாயில் குப்பை கொட்டுவதற்குச் சமானம், அதைச் செய்யலாகாது. 'டிஜிட்டல் கைது' என்று பயமுறுத்தி முதியவர்களிடம் பணம் பறிக்கும் கூட்டம் பெருகியிருக்கிறது. அப்படி ஒரு கைது நம் சட்டத்தில் கிடையாது என்பதையும், பணம் பறிபோனால் உடனே 1930 என்ற எண்ணுக்குச் சொல்ல வேண்டும் என்பதையும் வீட்டிலுள்ள பெரியோர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். இவை சிறிய வேலைகள்தாம். ஆனால் ஏரிக்கரையில் நண்டு துளைக்கும் வளையும் சிறியதுதான்.

பொழுது சாய்ந்து குன்றிலிருந்து இறங்கினோம். இளநீர் அம்மாள் வண்டியைக் கட்டிக்கொண்டிருந்தார். நாம் மறுபடியும் செல்பேசியை நீட்டினோம். சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. வண்டியில் தொங்கிய சிறு பெட்டி, பணம் வந்துவிட்டதைத் தமிழில் உரக்கக் கூவியது. காலையில் நேர்ந்தது அவ்வூர்க் கோபுரத்தின் ஏதோ சிறு கோளாறாக இருக்கலாம். இந்தப் பணம் கடல் தாண்டிப் போவதுமில்லை. ஆயினும் ஒரு பகல் முழுவதும் அந்த வண்டியை ஓட்டியது யந்திரமல்ல. வருகிறவர்கள் மேல் அந்த அம்மாள் வைத்த நம்பிக்கைதான்.

"நான் சொல்லலே? காசு எங்கேயும் ஓடாதுன்னு" என்று சிரித்தார்.

"எத்தனை பேர் இன்று கடன் சொல்லிப் போனார்கள்?" என்று கேட்டோம்.

"பதினோரு பேருங்க. ஒம்பது பேர் வந்துட்டாங்க. உங்களோட பத்து."

பதினோராவது ஆசாமி இதைப் படிக்க நேர்ந்தால், தயவு செய்து மாமல்லபுரத்துக்கு ஒரு நடை போய் வருமாறு கேட்டுக்கொள்கிறோம்.